நாற்பத்து மூன்றாவது நிமிடம்

ஜூன் 4, செவ்வாய்

போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆன சற்குணம் சார் எங்கள் வீடியோ கடையில் கொண்டுவந்து வைத்த அட்டைப்பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு படம் இருக்கிறது. எல்லாம் டிவிடி. அத்தனையையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரவேண்டும். டிவிக்குப் பின்னால் சொருகிவிட்டுச் சாய்ந்துகொண்டே பார்க்கப் போகிறாராம். எது முடிந்தது, எது பாக்கி என்று குறித்துக்கொள்ளத்தான் இந்த டைரியை எடுத்தேன். ஆல்பம் பேப்பர் விற்கிறவர் ஜனவரியில் கொடுத்தது. இதுவரை ஒரு பக்கம்கூடத் தொடவில்லை.

இன்றைக்கு ஒன்பது படம் முடிந்தது.

பதினோரு மணி வாக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் ராஜாங்கம், வாழைக்காய் மண்டி வைத்திருப்பவர். கூட வந்தது அவர் மச்சினன் தவமணி. சொந்தத்தில் நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒரு கல்யாணத்தின் வீடியோ, இரண்டு டிஸ்க். முதலாவது நன்றாக ஓடுகிறது. இரண்டாவது எந்த மிஷினிலும் ஓடவில்லையாம். எடுத்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். பெண் வீட்டாரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை, அதனால் வேறு காப்பியும் கிடைக்காது.

"அக்கா மக இதுல இருக்கு. இப்ப வெளியூர்ல படிக்குது. டிவில போட்டுப் பாக்கணும்னு அக்காவுக்கு ஆசை," என்றார் தவமணி.

டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாதாரணமாகக் கோடு தாறுமாறாக விழுந்திருக்கும். இதில் வட்டவட்டமாக, நிதானமாக ஏழெட்டுக் கோடு. ஏதாவது பிள்ளை கையில் காம்பஸ் கிடைத்திருக்கும். தேறுவது கஷ்டம் என்றேன்.

"முடியாட்டி விட்ருங்கம்மா," என்றார் ராஜாங்கம் உடனே.

"அதெல்லாம் முடியும். இந்தக்கா கையில குடுத்தா ஓடாததும் ஓடும்னு தேனி வரைக்கும் சொல்றாங்க," என்றார் தவமணி.

கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் தென்காசி நம்பர் போட்ட கார் ஒன்று எதிர் பேக்கரியில் நின்றது. அது கிளம்பும்வரை உள் அறையில் இருந்தேன். கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். அவருக்குக் காரணம் தெரியும்.

ஜூன் 5, புதன்

பதினோரு படம். கல்யாண டிஸ்க்கைக் கீறல் அடைபட மெழுகு போட்டு மூன்று தடவை தேய்த்தாயிற்று. மணிக்கட்டு வலிக்கிறது. எங்கள் பெண் இலக்கியாவின் யூனிஃபார்மைப் பக்கத்துத் தையல்கடை பாத்திமா அக்காவிடம் தைக்கக் கொடுத்தேன். ஒன்பதாவது போகிறாள், போன வருஷத்துப் பாவாடை முழங்காலுக்கு மேலே நிற்கிறது.

ஜூன் 6, வியாழன்

ஓடிவிட்டது! பழைய டிரைவில் போட்டேன். கிர்ர் கிர்ர் என்று பத்து நிமிஷம் முனகிவிட்டுப் படம் வந்தது. முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்," என்றார்.

ராஜாங்கத்தின் பெண்ணைத் தேடவே வேண்டாம், கேமராக்காரர் பாதி நேரம் அவளைத்தான் எடுத்திருக்கிறார். மாம்பழ நிறத் தாவணி. ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் நின்று மைக் செட் பையனிடம் ஏதோ பாட்டுக் கேட்கிறாள். அவன் முடியாது என்று தலையாட்டுகிறான். இவள் மைக்கைப் பிடுங்கி, "மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓர் அறிவிப்பு, பாட்டு போடறவருக்குக் காது கேக்கலை," என்கிறாள். மண்டபமே சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேமரா வெளியே போகிறது. வாழைமரம், செருப்புக் குவியல், மைக் செட் வண்டி. வண்டியின் பக்கவாட்டில் 'அழகன் ஒலி ஒளி, நிலக்கோட்டை' என்று கொட்டை எழுத்தில் பேரும் போன் நம்பரும்.

ராஜாங்கத்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "அப்படியாம்மா," என்றார். அப்புறம் வைத்துவிட்டார்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் ஃபைலாக மாற்றப் போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் வந்தார்கள். கொஞ்சம் போட்டுக் காட்டச் சொன்னார் தவமணி. போட்டேன்.

பெண் மைக்கைப் பிடுங்கிய இடம் வந்ததும், "நிறுத்துங்க," என்றார். பெண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினார். "இவன் மூஞ்சியைப் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினேன். தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

"யாருங்க இது?"

"அதைத்தான்க்கா தேடுறோம்."

"எதுக்கு?"

"ஒரு சோலி இருக்கு."

ராஜாங்கம் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"முழுசா மாத்தி வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்து ஒண்ணு விடாமப் பாக்கணும். எங்கயாவது பேரு, வண்டி நம்பரு, ஏதாவது ஒண்ணு மாட்டாமப் போகாது," என்றார் தவமணி. போகும்போது கும்பிடு போட்டார். நல்ல மரியாதை தெரிந்த ஆள்.

இன்று ஒரு படம்கூட மாற்றவில்லை.

ஜூன் 8, சனி

யூனிஃபார்ம் வாங்கப் போன இடத்தில், ராஜாங்கத்தின் பெண் எங்கே படிக்கிறாள் என்று பாத்திமா அக்காவிடம் கேட்டேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"படிக்கவாவது? அந்தப் புள்ள மேகலா மாசி மாசமே போயிருச்சு. என்னைத் தேடாதீங்கன்னு ஒரு சீட்டு எழுதி வச்சிட்டு. யாரோட போச்சுன்னே அவங்களுக்குத் தெரியலை. இப்பத்தான் அதோட சிநேகிதியை மிரட்டிக் கேட்டிருக்காங்க. அந்தக் கல்யாணத்துல பாட்டுப் போட்ட பையனாம். அவ்வளவுதான் அதுக்கும் தெரியும்."

"போலீஸ்ல சொல்லலையா?"

"போலீஸ்ல சொன்னா புள்ளை உசிரோட வந்துரும்ல." நூலைப் பல்லால் கடித்தாள். "பையன் வேற சாதி. தவமணி டீக்கடையில வச்சுச் சொன்னானாம்…"

அவன் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "நமக்கு எதுக்கு கோமதி? குடுத்துட்டுக் கையைக் கழுவு. வயசுக்கு வந்த பொண்ணு வீட்ல இருக்கு."

"நீங்களா இதைச் சொல்றீங்க?"

கை கழுவப் போனார். அடுப்படியில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஃபைல் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்றாவது நிமிஷத்தில் அந்த வண்டி வருகிறது. நாலு செகண்ட் நிற்கிறது. நிறுத்திப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடப் படித்துவிடும்.

ஜூன் 9, ஞாயிறு

டிஸ்க் மறுபடி கெட்டுவிட்டது. சூட்டில் மெழுகு இளகியிருக்கும். ஃபைல் நாற்பத்தொன்றாம் நிமிஷத்தோடு நின்றுவிட்டது. அவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

தவமணி கத்தவில்லை. இருந்தவரைக்கும் இரண்டு தடவை பார்த்தார். "அன்னைக்கு கடைசி வரைக்கும் ஓடுச்சுன்னு மாமாகிட்ட போன்ல சொன்னீங்களே?" என்றார்.

"ஓடுச்சுங்க. பழைய சரக்கு, நம்ப முடியாது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிஸ்க்கைக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மதுரையில ஒருத்தன் பாலிஷ் போடுற மிஷினே வச்சிருக்கான். நாளைக்குக் குடுத்தா வெள்ளிக்கிழமைக்குள்ள தந்துருவான்." சுவரில் மாட்டியிருந்த இலக்கியா போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா எந்த ஸ்கூலு?" என்றார்.

நான் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார், என் வீட்டுக்காரர். பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இலக்கியா நாலரைக்கு வந்து பையைப் போட்டதும் சொன்னாள்: "கேட்ல ஒரு மாமா பைக்ல நின்னாரும்மா. உங்கம்மாவுக்குச் சொந்த ஊர் எதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"எனக்கே தெரியாதுன்னேன். நெசமாவே எது நம்ம ஊரு?"

கை கால் அலம்பிட்டு வா, தோசை ஊற்றுகிறேன் என்றேன். மாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவள் வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

இனி பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? யாராவது படித்தால் படிக்கட்டும்.

டிஸ்க் தானாகக் கெடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து நான்தான் தேய்த்தேன். ஃபைலையும் நாற்பத்தொன்றாம் நிமிஷத்தில் வெட்டினேன். பன்னிரண்டு வருஷத்தில் அடுத்தவர் டிஸ்க்கில் என் விரல் ரேகைகூடப் பட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, ஆழமாகக் கீற கை வரவில்லை. மேலாக நாலு இழுப்பு இழுத்ததோடு நிறுத்திவிட்டேன். உடைத்துப் போட்டுக் கைதவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மதுரை மிஷினில் அது நிச்சயம் தேறிவிடும்.

வண்டியில் இருந்த நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டு நாளாகப் போனை எடுக்கிறேன், வைக்கிறேன். என் போனிலிருந்து பேசினால் நாளைக்கு அந்தப் பையன் போன் இவர்கள் கையில் சிக்கும்போது என் நம்பர் அதில் இருக்கும். என்னைத் தேட ஆரம்பித்தால் தவமணி மட்டும் வரமாட்டான். வேறு ஊரிலிருந்தும் வருவார்கள்.

நான்கு படம்.

ஜூன் 12, புதன்

ராஜாங்கம் தனியாக வந்தார். மண்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், வேட்டி ஓரமெல்லாம் புழுதி. என் வீட்டுக்காரர் கல்யாண ஆர்டர் விஷயமாக வெளியே போயிருந்தார். கடையில் நான் மட்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த சிடியில கோடு போட்டது நான்தாம்மா," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அந்த வண்டியை நான் முன்னாடியே பாத்துட்டேன். மகளைப் பாக்கணும்போல இருந்துச்சுன்னு ஒருநாள் தனியா உக்காந்து போட்டேன். நம்பரு தெரிஞ்சுச்சு. அப்பவே மச்சினனும் இந்தக் கல்யாணத்தைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிட்டான். எரிச்சா சந்தேகப்படுவான்னு ஊசியை எடுத்துக் கீறி வச்சேன். அவன் விடாம உங்ககிட்ட கூட்டியாந்தான். நீங்க ஓட வச்சிட்டீங்க."

அவர் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நீங்களே போன் பண்ணிச் சொல்லலாமே?"

"என் போனை இப்ப அவன் வாங்கி வச்சுக்கிட்டான். போற எடமெல்லாம் அவன் ஆளுக. வீட்ல எம் பொஞ்சாதியே தம்பி பக்கம். மதுரைக்காரன் வெள்ளிக்கிழமை தாரேன்னுட்டான். நீங்க பேசுங்கம்மா. எங்கயாவது போயிரச் சொல்லுங்க. எனக்கு அந்த நம்பர் மனசுல நிக்கலை, அன்னைக்கு நீங்க பாத்தீங்கள்ல?"

அவர் கண்ணில் தண்ணீர். நம்பர் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் தோன்றியது: இதைச் சொல்லச் சொல்லி தவமணியே அனுப்பியிருந்தால்? இவர் அழுகிறார், சரி. பெற்ற தகப்பன் அழுதுகொண்டே காட்டிக்கொடுத்ததை நான் பார்த்ததில்லையா? எங்கப்பாவும் அழுதார்தான்.

"நான் எந்த நம்பரையும் பாக்கலைங்க," என்றேன்.

அவர் எழுந்தார். டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் அப்படியே இருந்தது.

ஜூன் 13, வியாழன்

சற்குணம் சார் வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். முடிந்தவரை போதும், பார்க்க ஆரம்பிக்கிறேன் என்று அவரே கேட்டிருந்தார். டிவியில் சொருகி, ரிமோட்டில் எதை அழுத்தவேண்டும் என்று காட்டினேன். குழந்தை மாதிரி ஒவ்வொரு படமாகத் திறந்து திறந்து மூடினார்.

"சார், உங்க வீட்டு லேண்ட்லைன்ல ஒரு போன் பேசிக்கவா?"

என் முகத்தைப் பார்த்தார். ஒரு சண்டைக்காட்சியை வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஆறாவது மணி அடித்ததும் எடுத்தார்கள். பெண் குரல்.

"அழகன் ஒலி ஒளியா?"

"ஆமாங்க. ஆர்டரா? அவர் வெளிய போயிருக்காரு."

"மேகலா," என்றேன்.

போனை வைக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"வச்சிராதம்மா. உங்க மாமா கையில ஒரு கல்யாண வீடியோ இருக்கு. அதுல உங்க வண்டியும் இந்த நம்பரும் தெரியுது. நாளைக்கு வந்துருவாங்க. இன்னைக்கே கிளம்பிருங்க. போன்ல இருக்கிற சிம்மை எடுத்துருங்க. நேரா வேற ஜில்லாவுக்குப் போயி எஸ்.பி. ஆபீஸ்ல மனு குடுங்க. ரெண்டு பேருக்கும் கல்யாண வயசு ஆயிருச்சுன்னு சர்டிபிகேட் எடுத்துக்கோ."

"நீங்க யாரு? உங்களை எப்படி நம்புறது?"

நேற்று நான் நினைத்ததையேதான் அவளும் நினைக்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. டிவியில் யாரோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தார்கள்.

"நானும் பதினாறு வருஷத்துக்கு முந்தி ஒரு கல்யாண வீட்டுல வீடியோ எடுக்க வந்தவரோட பஸ் ஏறுனவதான். எங்க வீட்டாளுகளுக்குப் பயந்து இன்னைக்கும் எம் மககிட்டகூட என் ஊர்ப் பேரைச் சொன்னதில்லை. மூணு வீடு மாறிட்டோம். அவங்க தேடி வந்தப்ப எனக்கு ஒருத்தரும் போன் பண்ணிச் சொல்லலை. ஓட்டு மேல ஏறித் தப்பிச்சோம். அவர் முதுகுல இன்னும் தழும்பு இருக்கு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியிடம்கூட.

அந்தப் பக்கம் அழுகை. அப்புறம், "அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

"உங்கப்பாதான் சொல்லச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"போயிரச் சொன்னாரு."

லைன் கட்டாகிவிட்டது. ரிசீவரை வைக்கும்போது சார் சத்தத்தைக் குறைத்தார். "படம் தெளிவா இருக்கும்மா," என்றார் திரும்பாமலே.

ஜூன் 14, வெள்ளி

காலை பத்தரைக்கு இரண்டு கார் தேனி ரோட்டில் போனது. முன்னதில் தவமணி.

மேகலாவும் அந்தப் பையனும் கிளம்பிவிட்டார்களா, இன்னும் அங்கேயே இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இலக்கியாவை அரை நாளில் கூட்டிவந்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தோம். ஒன்பதே காலுக்கு தவமணி வந்துவிட்டான். கூட மூன்று பேர்.

"வீடு பூட்டிக் கிடக்கு. உடைச்சு உள்ள போனா அடுப்புல சோறு அப்படியே இருக்கு. வண்டியைக்கூட விட்டுட்டுப் போயிருக்குதுக. யாருக்கா சொன்னது?"

அவன் மானிட்டரைப் பிடித்து இழுத்தான். வயரோடு வந்து தரையில் விழுந்தது. அடுத்தது என் கையைப் பிடிப்பான் என்று தெரிந்தது.

அப்போது அவர் என் முன்னால் வந்து நின்றார், கையைக் கழுவு என்று சொன்ன மனுஷன். "அவளைத் தொடாதீங்க. எதா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க," என்றார். குரல் கீச்சென்று வந்தது. தவமணி ஓங்கி ஓர் அறை விட்டான். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார், விலகவில்லை.

பாத்திமா அக்கா கத்தினாள். பேக்கரியில் இருந்தவர்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ராஜாங்கம் உள்ளே வந்தார்.

"நான்தாண்டா சொன்னேன்."

தவமணி திரும்பினான். "என்ன மாமா?"

"எம் மககிட்ட நான்தான் சொன்னேன், போயிருன்னு. இவுகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அந்த சிடியைக் கீறுனதும் நான்தான். என்ன செய்யணுமோ என்னைச் செய்யி." தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்கு எம் புள்ளைக்கோ அந்தப் பையனுக்கோ ஏதாவது ஆச்சுன்னா இவன்தான் காரணம். நானே ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பேன்."

தவமணி அவர் சட்டையைப் பிடித்தான். பித்தான்கள் தெறித்தன. ஆட்டோக்காரர்கள் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்கள். "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா," என்று காறித் துப்பிவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரரின் கன்னம் வீங்கிவிட்டது. ஐஸ் வைக்கும்போது, "ரொம்பப் பயந்துட்டேனா?" என்று கேட்டார்.

ஜூன் 19, புதன்

வேறு மானிட்டர் இரவல் வாங்கிப் போட்டிருக்கிறோம். தவமணியின் பைக் தினமும் இரண்டு தடவை கடையைத் தாண்டிப் போகிறது. இலக்கியாவை வீட்டுக்காரர் கொண்டுபோய் விடுகிறார், நான் கூட்டிவருகிறேன்.

மத்தியானம் ராஜாங்கம் வந்தார். இப்போது மண்டியிலேயே படுத்துக்கொள்கிறாராம். காலையில் மண்டி போனுக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பேசினார்களாம். எந்த ஊர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மேகலாவும் பையனும் மனுக் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு கொடுத்து ஓர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். தகப்பனுக்கு ஆட்சேபணை உண்டா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டிருக்கிறார்.

"இல்லைன்னுட்டேன். எம் மக பக்கத்துல இருந்தா ஒரு வார்த்தை குடுங்கம்மான்னு கேட்டேன். இப்ப வேணாம்னுட்டாங்க. அதுவும் சரிதான், யாரு எப்படின்னு அவுகளுக்குத் தெரியாதுல்ல."

அன்றைக்குத் தண்ணீர் குடிக்காத அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பித்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. நான் அவரிடம் பொய் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"நீங்கதான பேசுனது?"

"ஆமாங்க."

"நாலு மாசமாச்சும்மா." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவ குரல் எப்படி இருந்துச்சு?"

அழுதாள் என்று சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம் சளி புடிச்ச மாதிரி இருந்துச்சுங்க," என்றேன்.

"சாரல் அடிச்சா அவளுக்கு வரும்," என்றார். "தூதுவளை ரசம் வச்சுக் குடுத்தா கேட்டுரும்."